ஊரே டாக்டர் என்று கூப்பிடுகிறது, எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. மனநல டாக்டரைப் பார்க்கலாமா?

எலும்புப்பெட்டி
23 மே 2021, அதிகாலை 3:10

புதுக் கணக்கு தொடங்கி எழுதுகிறேன், பழைய கணக்கை என் வகுப்புப் பசங்களுக்குத் தெரியும். எம்பிபிஎஸ் இரண்டாம் வருடம், 2019 பேட்ச். கல்லூரி பெயர் வேண்டாம். ஊர் குடியாத்தத்தைத் தாண்டி ஒரு கிராமம், பாதி வீட்டில் தறி, மீதி வீட்டில் பீடி.

போன வருடம் மார்ச்சில் கொரோனாவால் ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொன்னபோது இரண்டு மூன்று வாரம்தானே என்று நினைத்து, உடற்கூறு படிக்க வாங்கிய எலும்புப் பெட்டியோடு ஊருக்கு வந்தேன். பாட்டி அதை வாசற்படி தாண்ட விடவில்லை. "யாருதோ இன்னாவோ, மாட்டுக் கொட்டாயில வை" என்றாள். அன்றிலிருந்து மண்டையோடும் தொடை எலும்பும் தவிட்டு மூட்டைக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. நடுவில் கொஞ்ச நாள் கல்லூரி திறந்தார்கள், முதல் வருடப் பரீட்சை தள்ளித் தள்ளி ஒருவழியாக நடந்தது, இந்த ஏப்ரலில் மறுபடி வீடு. சரி, இதெல்லாம் எல்லோருக்கும் நடந்ததுதான்.

என் பிரச்சினை வேறு. எங்கள் ஊரில் எம்பிபிஎஸ் சேர்ந்த முதல் ஆள் நான். சேர்ந்த அன்றைக்கே டாக்டர் ஆகிவிட்டேன், ஊர்க் கணக்கில். இந்த இரண்டாம் அலை வந்ததும் ராத்திரி பகல் இல்லாமல் போன். "இன்னாபா டாக்டரு, எங்கம்மாவுக்கு மேல் மூச்சு வாங்குது, வந்து பாக்கறியா." "சிடி ஸ்கேன்ல 12 போட்டிருக்கான், அது நல்லதா கெட்டதா." "ரெம்டெசிவிர் எங்க கிடைக்கும்." எனக்கு என்ன தெரியும்? முழங்கை எலும்பில் எந்தத் தசை எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்டால் சொல்வேன். அப்பா ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வாங்கித் தந்தார், விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவி. அதை எடுத்துக்கொண்டு இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனேன். உண்மையைச் சொன்னால் அப்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

எதிர் வீட்டு அத்தைக்கு மே முதல் வாரத்தில் காய்ச்சல். நாலாம் நாள் அவங்க பையன் கூப்பிட்டான். திண்ணையில் உட்காரவைத்து விரலில் மாட்டினேன். 96. "ஒண்ணும் இல்ல அத்தை, கஞ்சி குடிங்க, குப்புறப் படுங்க" என்றேன். மறுநாள் 95. அதற்கு அடுத்த நாள் அவர்கள் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. எட்டாம் நாள் காலையில் அவன் தெருவில் நின்று கத்தினான். ஓடிப் போய் மாட்டினால் 82. நான் கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து என் விரலில் மாட்டிப் பார்த்தேன், 98 காட்டியது. அந்த 98-ஐ அத்தை பார்த்தார். 108 வந்தது, வேலூரில் படுக்கை கிடைத்தது, இரண்டு நாளில் முடிந்துவிட்டது. தெருவில் யாரும் முகம் பார்க்கவில்லை. நாலைந்து நாளில் கங்கையம்மன் சிரசுத் திருவிழா, இந்த வருடமும் ஊர் கூடவில்லை. கூடியிருந்தால் அத்தை முதல் ஆளாக மாவிளக்கோடு நின்றிருப்பார்.

ஆக்சிஜன், ஹீமோகுளோபின் வளைவை பிசியாலஜியில் எத்தனை தரம் வரைந்திருப்பேன். மேலே தட்டையாகப் போய் 90-க்குக் கீழே சரசரவென்று சரியும் வளைவு. வரையத் தெரிந்தவனுக்கு அது ஒரு மனுஷி என்று தெரியவில்லை. அப்புறம்தான் படித்தேன், உட்காரவைத்து மட்டும் பார்க்கக் கூடாது, ஆறு நிமிடம் நடக்கவைத்தும் பார்க்க வேண்டும், நடந்ததும் 3, 4 புள்ளி இறங்கினால் எச்சரிக்கை என்று. நடக்கவைத்திருந்தால்? ஆறாம் நாள் நானே போயிருந்தால்?

இப்போது மூன்று மணிக்கு டாண் என்று விழிப்பு வருகிறது, அப்புறம் தூக்கமே இல்லை. போன் அடித்தால் உள்ளங்கை வேர்க்கிறது. பத்தாலஜி ஆன்லைன் கிளாஸில் பெயர் மட்டும் இருக்கும், ஆள் கட்டிலில். குளித்து இரண்டு நாள் ஆகிறது. சோறு இறங்கவில்லை. மெடிக்கலில் வேலை செய்யும் நண்பன், பதற்றத்துக்குத் தருகிற அல்பிரசோலம் மாத்திரை தந்தான், அரை அரையாக நாலு நாள் போட்டேன், தூங்கினேன், ஐந்தாம் நாள் பயந்து நிறுத்திவிட்டேன். அம்மாவிடம் சொன்னால் "டாக்டருக்குப் படிக்கிறவன் பயப்படலாமா" என்கிறார்.

கேள்வி இதுதான். இது தானாகச் சரியாகிவிடுமா, மனநல டாக்டரைப் பார்க்கணுமா? பார்த்தால் கல்லூரியில் தெரிந்துவிடுமா? நாளைக்கு எனக்குப் பாடம் எடுக்கப் போகிறவர்களே அந்த ஓபியில் உட்கார்ந்திருப்பார்கள். இன்னொன்று, இப்படிப்பட்டவன் டாக்டர் ஆகலாமா?


வெயிலூரான்
23 மே 2021, காலை 7:25

தம்பி, அண்ணன் மாதிரி சொல்கிறேன், தப்பாக எடுத்துக்காதே. இதுக்கே இப்படி என்றால் நாளைக்கு ஐசியூவில் என்ன பண்ணுவாய்? நம்ம ஊர் ஐடா ஸ்கடர் அம்மையார் கதை தெரியும்தானே. ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் சாவதைக் கேட்டார், மூலையில் உட்காரவில்லை, போய் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து சிஎம்சி ஆஸ்பத்திரியைத் தொடங்கினார், அதனால்தான் இன்றைக்கு வேலூருக்கு வடநாட்டில் இருந்தெல்லாம் ரயில் ஏறி வருகிறான். மொபைலைத் தூக்கிப் போடு, காலையில் 5 மணிக்கு எழுந்து ஆற்றங்கரையில் ஓடு, ஒரு வாரத்தில் சரியாகும்.


நைட்டூட்டி_அக்கா
23 மே 2021, மதியம் 2:50

டூட்டி முடிந்து இப்போதுதான் பிபிஇ கவச உடையைக் கழற்றினேன். இந்த வேலூர் மே மாத வெயிலில் ஆறு மணி நேரம் அதற்குள் இருந்தால் கையுறையைக் கழற்றும்போது தண்ணீர் ஊற்றுகிறது, அந்தக் கோபமும் சேர்ந்து வெயிலூரான் அண்ணனுக்கு முதலில் பதில்.

அந்தக் கதையை எங்களுக்கும் முதல் வாரமே சொல்லிவிடுவார்கள். ஆனால் பாதியை விட்டுவிடுகிறீர்கள். திண்டிவனத்தில் அந்த ராத்திரி அவர் டாக்டர் இல்லை. டாக்டர் அவர் அப்பா, ஆண் டாக்டர் வேண்டாம் என்று அந்த வீட்டார் போய்விட்டார்கள். தன்னால் எதுவும் முடியாது என்றுதான் அவர் சொன்னார், அதற்காக யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அந்த ராத்திரி அவரும் தூங்கவில்லை, அதுவும் அதே கதையில் இருக்கிறது. அப்புறம் அமெரிக்கா போய்ப் படித்து 1899-ல் பட்டம் வாங்கி 1900-ல் தான் டாக்டராக இங்கே வந்தார். ஓடிப் போய் ஒரு வாரத்தில் சரியாகவில்லை.

எலும்புப்பெட்டி தம்பி, நீ இன்னும் டாக்டர் இல்லை. இதைத் திட்டாக எடுத்துக்காதே. மே 3-ஆம் தேதி மத்திய அரசு அறிவிப்பில்கூட ஃபைனல் இயர் மாணவர்களைத்தான், அதுவும் ஆசிரியர்கள் மேற்பார்வையில், லேசான நோயாளிகளைப் போனில் கவனிக்கச் சொன்னார்கள். நீ இரண்டாம் வருடம். உனக்கு மேற்பார்வை யார்? உன் பாட்டி.

96 என்று நீ பார்த்த அன்றைக்கு அது 96 தான். நாலாம் நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் எட்டாம் நாள், பத்தாம் நாள் சட்டென்று இறங்குவதை நாங்கள் வார்டிலேயே பார்க்கிறோம், ஆக்சிஜனும் எக்ஸ்ரேயும் மூன்று பேராசிரியர்களும் பக்கத்தில் இருக்கும்போதே. நடக்கவைத்துப் பார்த்திருந்தால் ஒருவேளை ஒரு நாள் முன்னால் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் போயிருக்கலாம். நான் பொய் சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன். ஆனால் அந்த "ஒருவேளை"யை முழுசாக உன் தலையில் கட்டிக்கொள்ள உனக்கு உரிமை இல்லை. அந்தத் தெருவில் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு போன ஒரே ஆள் நீ என்பதால் உன் கையில் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

என் கதையும் சொல்கிறேன். ஆக்சிஜன் போகும்போது பாட்டிலில் தண்ணீர் கொப்பளிக்கும் இல்லையா, அந்தக் குளுகுளு சத்தம். ரூமில் ரூம்மேட் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்தால் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து படுக்கை எண் கேட்டிருக்கிறேன், அவள் முதல் தடவை சிரித்தாள், மூன்றாவது தடவை அவளே என்னைக் கூட்டிக்கொண்டு சைக்யாட்ரி மேடத்திடம் போனாள். மேடம் நோட்டில் பெயர் எழுதும்போது எனக்கும் இதே பயம்தான், நாளைக்கு இவங்க கிட்டயே வைவா, வாய்மொழித் தேர்வு, என்று. அவங்க செய்தது ஒன்றுதான், டூட்டி பட்டியலில் எனக்குத் தொடர்ச்சியாக விழுந்திருந்த நாலு ராத்திரியை இரண்டாகப் பிரிக்கச் சொல்லி யூனிட் சீஃபிடம் பேசினார்கள். காரணம் சொல்லவில்லை. மாத்திரைகூட எனக்குத் தேவைப்படவில்லை. உனக்குத் தேவைப்படலாம், அதை அவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.


வாலாஜா_அம்மா
23 மே 2021, இரவு 9:05

நான் டாக்டர் இல்லப்பா, டாக்டருக்குப் படிக்கிற பெண்ணின் அம்மா. பெண்ணேதான் தட்டித் தருகிறாள், நான் சொல்லச் சொல்ல.

இவள் அரசுப் பள்ளியில் படித்தவள், அந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் முதல் வருடமே இடம் கிடைத்தது. பிப்ரவரியில்தான் வகுப்பே தொடங்கியது, வெள்ளை கோட்டு மடிப்புக் கலைவதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவள் அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் வேலை, அதுவும் இப்போது பாதி நாள்தான். வீட்டில் ஒரு போன், அதில்தான் வகுப்பு, அதில்தான் ஊர்க்காரர் போனும். வகுப்பு நடுவில் யாராவது கூப்பிட்டு "பாப்பா, மாத்திரை பேர் சொல்லு" என்பார்கள். சொல்லவில்லை என்றால் "படிச்ச திமிரு". இவள் மொட்டை மாடியில் போய்த் தனியாக உட்கார்ந்துகொள்வாள். படிக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள் துணி எடுக்கப் போனால் புத்தகம் தலைகீழாக இருக்கிறது.

நான் செய்தது ஒன்றே ஒன்று. சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் போனை வாங்கி என் முந்தானையில் முடிந்துகொள்வேன். யார் கூப்பிட்டாலும் நான்தான் எடுப்பேன். "பாப்பா இன்னும் படிக்குதுங்க, 104-க்குப் போடுங்க, மூச்சு வாங்கினா 108-க்குப் போடுங்க." இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். கோபித்துக்கொள்ளட்டும். உங்க அம்மாவிடம் இதைச் சொல்லு தம்பி, அவங்களுக்குப் புரியும். படிக்கிறவன் பயப்படலாமா என்று அவங்க கேட்பதே அவங்க பயந்துபோய்க் கேட்பதுதான். நானும் அப்படித்தான் கேட்டேன்.


மனசு_மூணாம்மாடி
24 மே 2021, அதிகாலை 12:30

மனநல மருத்துவத்தில் முதுநிலை படிக்கிறேன். எங்கள் துறை மூன்றாம் மாடியில் இருப்பதால் இந்தப் பெயர், வேறு தத்துவம் ஒன்றும் இல்லை.

முகம் பார்க்காமல் இதற்கு நோய்ப் பெயர் வைக்க மாட்டேன். ஆனால் விடியலுக்கு முன்னால் விழிப்பு, சோறு இறங்காதது, பாடம் மண்டையில் ஏறாதது, குளிக்கக்கூடத் தோன்றாதது, எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்ற நினைப்பு, இவை சேர்ந்து பெரும்பாலான நேரமும் இருந்து இரண்டு வாரத்தைத் தொட்டுவிட்டால் நாங்கள் "பார்த்துவிடலாம்" என்றுதான் சொல்வோம். உனக்குக் கிட்டத்தட்ட ஆகிவிட்டது. பிஹெச்க்யூ-9 என்று ஒன்பது கேள்வி கொண்ட தாள் ஒன்று இருக்கிறது, மொத்தம் 27 மதிப்பெண், 10-ஐத் தொட்டாலே ஒருவரைப் பார்ப்பது நல்லது. அந்தத் தாளை நீயே போட்டுக்கொண்டு மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு உட்காராதே, நம் ஆட்களுக்கு மார்க் என்றால் போதும்.

அதில் ஒன்பதாவது கேள்வியை இங்கேயே கேட்கிறேன். செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா? கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், வராது. ஆமாம் என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இப்போதே அப்பாவை எழுப்பு, விடியட்டும் என்று காத்திருக்காதே. வீட்டில் பேச முடியாவிட்டால் 104. அது காய்ச்சலுக்கு மட்டும் இல்லை, மன ஆலோசனையும் உண்டு.

அல்பிரசோலம் நாலு நாளோடு நிறுத்தியது நல்லது. மெடிக்கலில் தெரிந்தவர் இருப்பது நம் மாணவர்களுக்குப் பெரிய ஆபத்து, வாரக்கணக்கில் போட்டால் பழகிவிடும், அப்புறம் சட்டென்று விட்டால் தூக்கம் இருந்ததைவிட மோசமாகும். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின் அந்த ரகம் இல்லை. அவை போதை தருவதில்லை, மாறாக இரண்டிலிருந்து நாலு வாரம் வரை ஒன்றுமே செய்யாத மாதிரிதான் இருக்கும், முதல் வாரம் வயிற்றைப் புரட்டும், அதோடு பலர் நிறுத்திவிடுவார்கள். நிறுத்துவதானாலும் டாக்டரைக் கேட்டு மெல்லக் குறைத்துத்தான்.

கல்லூரிக்குத் தெரியுமா என்றால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு உன் விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. சட்டம் ஒரு பக்கம், காரிடாரில் பேசுகிற வாய் ஒரு பக்கம், அதுவும் எனக்குத் தெரியும். கூச்சமாக இருந்தால் உன் கல்லூரி ஓபிக்கே போகாதே. வேலூரில் இதற்குப் பஞ்சம் இல்லை. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் தனியாகவே இருக்கிறது. ஊரடங்கில் வர முடியாவிட்டால் போனிலேயே டாக்டரிடம் பேசலாம், 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் அதற்கு இடம் தருகிறது.

டாக்டர் ஆகலாமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதை மூன்று மணிக்குக் கேட்காதே என்று மட்டும் சொல்வேன். பகல் பதினொரு மணிக்குக் கேட்டுப் பார்.


வெயிலூரான்
24 மே 2021, காலை 8:00

சரி, நான் சொன்னது தப்பாக இருந்தால் மன்னிச்சுக்கோ தம்பி. திண்டிவனம் விஷயம் எனக்கு உண்மையிலேயே தெரியாது. ஆனாலும் ஓடுவது நல்லதுதான்.


மனசு_மூணாம்மாடி
24 மே 2021, காலை 8:20

நல்லதுதான் அண்ணா. டாக்டரைப் பார்த்துவிட்டு ஓடட்டும்.


எலும்புப்பெட்டி
13 ஜூன் 2021, மாலை 6:15

பதில் போட இவ்வளவு நாள் ஆனதற்கு எல்லோரும் மன்னிக்கணும். ஒன்பதாவது கேள்விக்கு என் பதில் "சில ராத்திரி" என்பது. அன்றைக்கே அப்பாவை எழுப்பினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டு என்னோடு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் போனில் ஒரு டாக்டர், அடுத்த வாரம் நேரில். அப்பா டிவிஎஸ் எக்ஸெல்லில் கூட்டிப் போனார், வழியில் போலீஸ் நிறுத்தினபோது "பையனுக்கு உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரிக்கு" என்று சத்தமாகவே சொன்னார். தெருவில் மட்டும் கண்ணுக்குக் காட்டப் போனோம் என்று சொல்லிவைத்திருக்கிறோம். மாத்திரை ஆரம்பித்துப் பதினெட்டு நாள். வயிற்றைப் புரட்டும் என்று சொன்னீர்களே, புரட்டியது. விழிப்பு இப்போது நாலரைக்கு வருகிறது, அதுவே முன்னேற்றம் என்கிறார் டாக்டர்.

போனை அம்மா வாங்கி வைத்துக்கொண்டார். முந்தானையில் இல்லை, அரிசிப் பானையில்.

அத்தை பையன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். நான் கொல்லைப்புறம் போய் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன், பாட்டி விடவில்லை. அன்றைக்கு அவசரத்தில் அவர்கள் வீட்டிலேயே விட்டுவந்த ஆக்ஸிமீட்டரைத் திருப்பிக் கொடுத்தான். பேட்டரியைக் கழற்றித் தனியாகப் பேப்பரில் சுற்றியிருந்தான், உள்ளேயே இருந்தால் ஒழுகிவிடுமாம். "வேற வீட்டுக்குத் தேவைப்படும்ல" என்றான். ரெண்டு பேரும் திண்ணையில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பத்து நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் வரவில்லை.


கோட்டை_அகழி
9 செப்டம்பர் 2024, இரவு 10:40

பழைய திரியைத் தோண்டி எடுப்பதற்கு மன்னிக்கவும். தங்கை முதல் வருடம், அவளுக்காகத் தேடியபோது கிடைத்தது. இங்கே சொன்னதில் ஒன்று மாறியிருக்கிறது, 2022 அக்டோபரில் இருந்து டெலிமானஸ் என்று 14416 எண் வந்துவிட்டது, எந்த நேரமும், தமிழிலும் பேசலாம். அதே வருடக் கடைசியில் நம் மருத்துவக் கல்லூரிகளில் "மனம்" என்று மாணவர்களுக்கான மன்றமும் தொடங்கினார்கள்.

போன மாதம் வந்த தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு அறிக்கையையும் பார்த்தேன். கணக்கெடுப்பில் பதில் சொன்ன 25,590 எம்பிபிஎஸ் மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை கண்டறியப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள், தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 16.2 சதவீதம். ஆன்லைனில் தாமாகப் பதில் போட்டவர்கள்தான், அதனால் எல்லோருக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் கொரோனா போய் இத்தனை வருடத்துக்கு அப்புறம் வந்த கணக்கு இது. நோய் முடிந்ததும் முடிகிற விஷயம் இல்லை போல.

எலும்புப்பெட்டி அண்ணா இன்னும் இங்கே வருகிறாரா?


எலும்புப்பெட்டி
11 செப்டம்பர் 2024, இரவு 11:55

வருகிறேன். இப்போது ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர், மெடிசின் வார்டு. மாத்திரையைப் பதினொரு மாதத்தில் மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள், ஃபைனல் இயர் பரீட்சைக்கு முன்னால் மறுபடி மூன்று மணி விழிப்பு வந்தது, இந்த முறை இரண்டு வாரம் காத்திருக்காமல் போய்விட்டேன். தங்கையிடம் சொல், ஊர் போனை வீட்டில் யாராவது எடுக்கட்டும். அவளுக்கு எலும்புப் பெட்டி வேண்டும் என்றால் என்னிடம் இல்லை, ஜூனியர் பையனுக்கு விற்றுவிட்டேன், பாட்டி மாட்டுக் கொட்டாயை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். காலை 8 மணிக்கு ரவுண்ட்ஸ், தூங்கப் போகிறேன்.